செத்த நாயைத் தூக்கியவர் யார்? கருணைக்கொலை விதியும் கொங்குப் பின்னணியும்

தமிழகத் தெருநாய் வரலாற்றை எழுதுவோர் பலரும் விலங்குநல அமைப்பான புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா வகுத்த வரிசையையே பின்பற்றுகிறார்கள். 1860இல் சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. 1964இல் புளூ கிராஸ் கருத்தடையை மாற்றாக முன்வைத்தது. கொலை நாளொன்றுக்கு 135 வரை ஏறிய பிறகு, 1990களின் நடுவில் மாநகராட்சி வழிக்கு வந்தது. களத்தில் நின்றவர் சொல்லும் கணக்கு இது. அதன் எண்களோடு எனக்கு வழக்கில்லை. எத்தனை நாய்கள் செத்தன என்பதை மட்டுமே வரலாறாகக் கொள்வதுதான் சிக்கல். எப்படிச் செத்தன, செத்தபின் உடல் யார் கைக்குப் போயிற்று என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை.

முதலில், இது சென்னையின் காலக்கணக்கு. கொங்கு நாட்டின் கோவை நகராட்சி ஆனதே 1866இல். மாநகராட்சி ஆனது 1981இல். வடமேற்கே மலையேறினால் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருந்தது. வெறிநாய்க்கடி பட்டவர்களுக்கு ஊசி போட்ட அந்த நிறுவனத்தின் நிழலில், கொங்குப் பகுதியில் நாய் என்பது முதலில் நோய்ச் சிக்கல். தெருச் சிக்கல் அதற்கு அடுத்ததுதான். 1860 என்ற ஆண்டைக் கோவைக்கும் சேர்த்துச் சொல்வது வசதி, வேறொன்றுமில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சின்னி கிருஷ்ணாவின் கதையில் கொலையும் கருத்தடையும் எதிரெதிர் அணிகள். ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது, அதாவது துன்புறும் விலங்குக்குச் சட்டம் அனுமதித்த இரக்கமான சாவு, பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. நடனக் கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் வந்த 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதற்குத்தான் வழி செய்கிறது. அதே சட்டத்தின் 11(3) பிரிவு, தெருநாய்களைக் கொல்லறையில் அழிப்பதை வதை அல்ல என்கிறது. இன்று படித்தால் உடம்பு கூசும். ஆனால் மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் 1884இல் லண்டன் பேட்டர்சீ நாய்க் காப்பகத்தில் கொல்லறையை நிறுவியபோது, முந்தைய முறைகளுக்கு மாற்றாக வந்த கருணையாகவே அது கொண்டாடப்பட்டது. நேற்றைய கருணையே இன்றைய கொடுமையாகிறது. கொலையின் எண்ணிக்கையை மட்டும் அடுக்கும் வரலாற்றுக்கு இந்த மாற்றம் பிடிபடாது.

மாற்றம் எங்கே நிகழ்ந்தது? 2001 டிசம்பரில் வெளியான நாய்கள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில், 9ஆம் விதியில் நிகழ்ந்தது என்பேன். தீராத நோயுற்ற, பிழைக்கவியலாக் காயம்பட்ட நாய்களுக்கு மட்டுமே கருணைக்கொலை. மருத்துவரே செய்ய வேண்டும். இன்னொரு நாய் பார்க்க எந்த நாயையும் கொல்லக் கூடாது. அப்புறப்படுத்துமுன் உயிர் போய்விட்டதை உறுதிசெய்ய வேண்டும். மருந்து பற்றிய வரியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வளர்ந்த நாய்க்குச் சோடியம் பென்டதால், குட்டிக்கு வயிற்றறையில் தயோபென்டால் என்றது விதி. முன்னதன் எழுத்துப் பிழையை நீக்கினால் இரண்டும் ஒரே மருந்து. ஒன்று வணிகப் பெயர், மற்றது வேதிப் பெயர். ஒரே கை எழுதிய பத்தியாக இது தோன்றவில்லை. வெவ்வேறு குறிப்புகளிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே கொள்க. 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகள் இம்மருந்துகளை நீக்கிவிட்டு, நரம்புவழிப் பென்டோபார்பிடாலைக் குறிப்பிடுகின்றன. மருந்து மாறியும் ‘இன்னொரு நாயின் முன்’ என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. பல நாய்களை ஒன்றாக அடைத்துக் கொல்லும் அறையின் நேர் மறுப்பு அது. 1960இன் கொல்லறைப் பிரிவை நீக்காமலே அதன் முதுகெலும்பை உடைத்த வரி இதுதான் என்பது என் வாதம். விதியை வரைந்தோரின் மனத்தை நேராகக் காட்டும் சான்று இதற்கில்லை. ஆனாலும் வேறெந்த நடைமுறையை எண்ணி இப்படியொரு நிபந்தனையை எழுதியிருக்க முடியும்?

இனி உடல். 2001 விதிகள் உள்ளாட்சி எரியூட்டி அமைக்க வேண்டும் என்றன. இது வெறும் சுத்தம் பற்றியதல்ல. பார்பிட்டுரேட் வகையைச் சேர்ந்த இம்மருந்துகள் ஏறிய உடலைத் தின்னும் பருந்தும் நரியும் சாகக்கூடும். ஆழமின்றிப் புதைத்தால் பிற நாய்கள் தோண்டிவிடும். சத்தியமங்கலத்துக்கு மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பிணந்தின்னிக் கழுகுகள் எஞ்சியிருக்கும் நிலத்தில் இதை அலட்சியமாக எழுதிவிட முடியாது.

ஆனால் எரியூட்டி வரை தூக்கிச் செல்பவர் யார்? விதியின் வாக்கியத்தில் எழுவாயே இல்லை. கொங்கு நாட்டில் அந்த எழுவாய்க்கு நெடுங்காலமாக ஒரே விடைதான். பண்ணையத்தில் செத்த மாட்டை அருந்ததியரே தூக்க வேண்டும், உரிக்க வேண்டும். அந்தத் தோல்தான் கவலை (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் தோல்பை) இறைக்கவும் செருப்புக்கும் வாருக்கும் ஆனது. 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரமும், பின்னர் பம்புசெட்டும் வந்து கவலையின் தேவையைக் கரைத்தன. தோலின் மதிப்பு போயிற்று. தூக்கும் கடமை மட்டும் ஒட்டிக்கொண்டது. நகரத்துக்கு வந்தபோது அது தூய்மைப் பணியாளர் வேலையாயிற்று. உரிமையும் கூலியும் கலந்த பழைய உறவு எந்த ஆண்டில் வெறும் சுமையாக மாறியது என்று ஒரே தேதி குறிக்க இயலாது. மின்சாரம் எட்டாத கிணறுகளில் கவலை நீடித்தது; ஊருக்கு ஊர் கணக்கு வேறு.

சின்னி கிருஷ்ணாவின் வரிசையில் இந்தக் கைகள் வருவதில்லை. சென்னையை நோக்கி எழுதியதால் வந்த இடைவெளி என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் சட்டத்திலும் அதே இடைவெளி இருக்கிறதே! 2023 விதிகள் கருணைக்கொலைக்குக் காரணத்துடன் பதிவேடு வைக்கச் சொல்கின்றன. முடிவெடுத்த குழுவின் கையொப்பமும் அதில் வேண்டும். உடலைத் தூக்குபவருக்குக் கையுறை, தடுப்பூசி, பயிற்சி பற்றிக் கருணைக்கொலை விதி பேசுவதில்லை. விலங்கின் சாவுக்கு மரியாதை தந்த 2001ஐத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளும் எவரும், அந்த மரியாதை எரியூட்டிக்கு எத்தனை அடி முன்னால் நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டியிருக்கிறது.