அடைக்கலம் புகுந்தவரின் அறப்பணி

தலைநகரில் வாழும் தமிழ் நேயர்களுக்கு லக்ஷ்மிபாய் நகர் நன்கு அறிமுகமான இடம். அரசு ஊழியர்களின் குடியிருப்பாக அமைந்த அப்பகுதியில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று நடைபெறுகின்றது. உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு வந்தவர்கள், தம் மக்கள் தாய்மொழியை மறவாதிருத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியின் பயன் அது. அதே தென் தில்லியிலுள்ள லஜபதி நகரின் வரலாறோ வேறு. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடும் நிலமும் இழந்து வந்த மக்களைக் குடியமர்த்தியதால் வளர்ந்த பகுதி அது. தாமே விரும்பிப் பெயர்ந்தவரும், பிறரால் விரட்டப்பட்டுப் பெயர்ந்தவரும் அருகருகே வாழும் நகரம் தில்லி. ஆதலின், அகதியாகத் தமிழகம் வந்து, அகதிகளுக்கே துணையாக நின்ற ஒருவரின் வரலாற்றைத் தலைநகர்த் தமிழர் எளிதில் உணர்ந்துகொள்வர்.

அவர் சந்திரஹாசன். 'தந்தை செல்வா' என்று ஈழத் தமிழர் போற்றிய எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் புதல்வர். செல்வநாயகம் 1949ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தவர்; 1957இல் பண்டாரநாயக்காவுடனும், 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் உடன்படிக்கை செய்துகொண்டவர்; 1961இல் சத்தியாக்கிரகம் நடத்தியவர். அவ்வுடன்படிக்கைகள் நிறைவேறவில்லை. அவர் 1977இல் காலமானார். ஆயினும், பகைவனோடும் பேசலாம் என்ற நம்பிக்கையைத் தம் மக்களுக்கு விட்டுச் சென்றார்.

1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் மீது பெருங் கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன; கடைகள் சூறையாடப்பட்டன; பலர் உயிரிழந்தனர். உயிர் தப்பியோர் படகேறி இராமேசுவரத்தை நாடினர். வழக்கறிஞரான சந்திரஹாசனும் இந்தியாவை வந்தடைந்தார். 1984ஆம் ஆண்டில் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நிறுவினார்.

வந்தோர் முதலில் தங்கவைக்கப்பட்ட இடங்களுள் மண்டபம் முகாம் குறிப்பிடத்தக்கது. முற்காலத்தில், தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்து அனுப்பிய இடமும் அதுவே. பாட்டனார் கூலியாகப் புறப்பட்ட துறைக்கே பேரர் அகதியாகத் திரும்பினர் என்பது வரலாற்றின் விந்தை. 1983 முதல் 2009 வரை, நான்கு அலைகளாக, ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் இவ்வாறு வந்தனர்.

கழகத்தின் தனிச்சிறப்பு யாது? அகதிகளுக்கான பணியை அகதிகளே ஆற்றியதுதான். முகாமில் பாடம் சொல்லிக் கொடுத்தவரும், தாய்சேய் நலம் பேணியவரும், மகளிர் சேமிப்புக் குழுக்களை அமைத்தவரும் அம்மக்களுள்ளேயே உருவாயினர். இதில் ஓர் ஆழ்ந்த கருத்து உண்டு. கையேந்தியே பழகியவன் நாளடைவில் தன்மதிப்பை இழப்பான். தன்மதிப்பிழந்த இளைஞனைச் சினம் எளிதில் ஆட்கொள்ளும். போர் நடக்கும் காலத்தில் அத்தகையோனைத் தேடி வருபவர் பலர். அவன் கையில் புத்தகமும் பொறுப்பும் இருந்தால், அவன் செல்லும் வழி வேறாகும். அமைதி என்பது தலைவர்கள் கையெழுத்திடும் தாளில் மட்டும் இல்லை. முகாமின் மாலை வகுப்பிலும் இருக்கின்றது.

தாள் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நேயர்கள் ஒரு சான்றிதழின் அருமையை நன்கு அறிவர். முகாமில் பிறந்த குழந்தைக்கு நாடு எது? அதன் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யாவிடில், அது எந்த நாட்டுக்கும் உரியதாகாமற் போகும். மலையகத் தமிழர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 2003இல் இலங்கை இயற்றிய சட்டம் அக்குறையைப் பெரிதும் நீக்கியது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியாவிற்கு அகதியாக வந்துவிட்டோரையும் அதில் சேர்த்துக்கொண்டது. குழந்தைகளின் பிறப்புப் பதிவு, குடியுரிமை விண்ணப்பம் ஆகியவற்றைக் கழகத்தார் பல்லாயிரம் பேருக்குப் பொறுமையுடன் செய்து கொடுத்தனர். ஆரவாரமற்ற பணி, ஆயினும் ஒருவன் தன் ஊருக்கு உரிமையோடு திரும்பும் வாயில் அதுவே.

இப்பாதை மலர் தூவியதன்று. 1985ஆம் ஆண்டில் திம்புப் பேச்சு முறிந்த பின்னர், இந்திய அரசு நாடு கடத்திய மூவருள் சந்திரஹாசனும் ஒருவர். அவ்வாணை பின்னர் விலக்கப்பட, அவர் தம் பணிக்குத் திரும்பினார். 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபொழுது, தமிழகத்தின் துயரம் சினமாக மாறி, குற்றமற்ற அகதிகள் மீதும் பாய்ந்தது. கல்லூரிச் சேர்க்கையில் அகதி மாணவர்க்கு இருந்த வாய்ப்பும் சில காலம் தடைப்பட்டது. அடைக்கலம் தந்த மண்ணின் நம்பிக்கையை மீண்டும் பெறுவது எளிதன்று. சொல்லினால் அன்றிச் செயலினாலேயே அது கைகூடும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபொழுது, முகாம்களிலிருந்து அகதித் தொண்டர்கள் புறப்பட்டனர். உற்றாரை இழந்த மீனவக் குடும்பங்களின் அருகிருந்து ஆறுதல் கூறினர். இழப்பின் மொழியை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை அல்லவா?

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. தாயகம் திரும்பியோர் பலர். எனினும், 50,000க்கும் மேற்பட்டோர் இன்றும் தமிழகத்தின் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அவற்றை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறியது நன்று. நிலை மாறுவதே முக்கியம். லஜபதி நகரில் குடியேறியோர் சுதந்தர இந்தியாவின் குடிமக்களாயினர். ஈழத்து ஏதிலியர்க்கோ அவ்வுரிமை தானே கிட்டவில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறையினர், செல்வதா இருப்பதா என்று அறியாது நிற்கின்றனர். அவ்வினாவிற்கு விடை கூறவேண்டிய அலுவலகங்கள் தில்லியிலும் கொழும்பிலும் உள்ளன. விடை வரும் நாளில் அதனை ஏற்று நிமிர்ந்து நடக்கும் தகுதி அம்மக்களுக்கு இருக்கும். நாற்பது ஆண்டுகளாக முகாமின் வகுப்பிலும் பதிவேட்டிலும் தேடிவைத்த செல்வம் அதுவே.