தேயிலையின் சாயம் வெளுத்த கதை

"டாக்டர், கிரீன் டீ நல்லதா, சாதா டீ நல்லதா?"

வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்டுடுறாங்க. பெரும்பாலும் ஒரு நிமிஷத்துல பதில் சொல்லி அனுப்பிடுவேன். மூணு மாசம் முன்னாடி கேட்ட ஒரு அக்காவை மட்டும் அப்படி அனுப்ப முடியல. அவங்களுக்காகத்தான் இந்த நீளமான பதிவு. ஒரு டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

அந்த அக்காவுக்கு நாற்பது வயசு இருக்கும். கட்டட வேலை. நாலு படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு வந்தாங்க. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தா வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 7.1.

ஏற்கெனவே நாலு மாசமா இரும்புச்சத்து மாத்திரை எடுக்குறாங்க. ஒருநாள்கூட விடலைன்னு சத்தியம் பண்றாங்க. அப்புறம் ஏன் ஏறலை?

"மாத்திரையை எதோட போடுறீங்க?"

"டீயோடதான் சார். வெறும் தண்ணில போட்டா குமட்டுது."

ஒரு நாளைக்கு ஆறேழு டீ. வேலைக்குப் போற இடத்துல சாப்பாடே சில நாள் டீயும் பன்னும்தான். தூள் சந்தையில எடை போட்டு வாங்குறது. "பாக்கெட் தூளைவிட இது நல்லா சாயம் இறங்கும் சார். சாயம் இறங்கினாத்தானே குடிச்ச மாதிரி இருக்கும்?"

அந்தச் 'சாயம்' என்கிற வார்த்தையை நான் பிடிச்சுக்கிட்டேன். அடுத்த முறை வரும்போது அந்தத் தூள் ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன்.

டீயின் நிறத்தைப் பார்த்து ஏமாறுறது இந்த அக்காவோட தொடங்கினது இல்லை. அதுக்கு ரெண்டு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கு. முதல்ல ஏமாந்தவங்க நமக்கு டீ குடிக்கக் கத்துக்கொடுத்த இங்கிலாந்துக்காரங்க.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலை முழுக்கச் சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. பொருளும் விலை அதிகம், அதுக்கு மேல வரியும் கொடூரம். 1784இல் சட்டம் போட்டுக் குறைக்கும் வரை வரி மட்டுமே நூறு சதவீதத்தைத் தாண்டி இருந்தது. விலை ஏறின இடத்துல போலி முளைக்காம இருக்குமா?

ரிச்சர்ட் ட்வைனிங் என்ற தேயிலை வணிகர் 1785இல் ஒரு சிறு நூல் எழுதி, போலித் தேயிலை எப்படித் தயாராகுதுன்னு போட்டு உடைச்சார். ஆஷ் மரத்து இலையைப் பறிச்சு, காயவச்சு, வாட்டி, தரையில போட்டு மிதிச்சு, சலிச்சு, அப்புறம் அன்னபேதியும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த தண்ணியில ஊறவைப்பாங்களாம். காய்ஞ்சா கறுப்புத் தேயிலை ரெடி.

புழுக்கையை விட்டுடுங்க. அந்த அன்னபேதியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப அதுக்கு வர்றேன்.

பச்சைத் தேயிலைக்கும் அப்போ அங்கே நல்ல கிராக்கி. பச்சைத் தேயிலை ஒரு செடி, கறுப்புத் தேயிலை வேற செடின்னுதான் ஐரோப்பா நம்பிக்கிட்டு இருந்தது. தாவரங்களுக்கெல்லாம் பேர் வச்ச லின்னேயஸே 1762இல் ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் கொடுத்துட்டார்.

அந்த நம்பிக்கையை உடைச்சவர் ராபர்ட் ஃபார்ச்சூன், ஸ்காட்லாந்துக்காரர், செடி சேகரிக்கிறது தொழில். 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனி இவரைச் சீனாவுக்கு அனுப்புது. எதுக்கு? தேயிலைச் செடியையும் தேயிலை செய்யத் தெரிஞ்ச ஆட்களையும் இந்தியாவுக்குக் கொண்டுவர. வெளிநாட்டவர் நுழையக்கூடாத உள்நாட்டுப் பகுதிக்குள்ள, முன்தலையை மழிச்சு, பின்னல் ஒட்டவச்சு, சீன உடையில போனார். சுருக்கமாச் சொன்னா திருட்டு வேலை. அதை வீரசாகசமா எழுதுற புத்தகங்களை எனக்கு அவ்வளவாப் பிடிக்காது. ஆனா மனுஷன் கண்ணுல பட்டதை ஒளிவுமறைவு இல்லாம எழுதி வச்சார், அதுக்கு நன்றி சொல்லணும்.

அவர் சொன்ன முதல் விஷயம்: செடி ஒண்ணுதான். பறிச்ச இலையை உடனே சூடுபடுத்திட்டா பச்சை. கசக்கி, காற்றுப்பட விட்டு, அப்புறம் காயவச்சா கறுப்பு. நறுக்கிவச்ச வாழைக்காய் கறுத்துப்போறதை அடுப்படியில பார்த்திருப்பீங்க. இலைக்குள்ள நடக்கிறதும் அதேதான். சூடு பட்டா அந்த நொதி செயலிழந்துடும், இலை பச்சையாவே நிக்கும். நடுவழியில நிறுத்தினா ஊலாங். இளம் மொட்டை வாடவிட்டு உலர்த்தினா வெள்ளைத் தேயிலை.

ரெண்டாவது விஷயம்தான் லண்டனையே அதிரவச்சது. ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலையை வறுக்கும்போது, தொழிலாளிகள் ஒரு நீலப் பொடியையும் ஜிப்சத்தையும் கலந்து தூவுறதை அவர் நேர்ல பார்த்தார். பிரஷ்யன் நீலம்னு சொல்ற சாயம் அது. அவங்க கையெல்லாம் நீலம். நூறு பவுண்டு தேயிலை குடிக்கிறவர் அரை பவுண்டுக்கு மேல சாயமும் ஜிப்சமும் சேர்த்துக் குடிக்கிறார்னு கணக்குப் போட்டார்.

ஏன் இப்படின்னு கேட்டா, வெளிநாட்டுக்காரங்களுக்கு இலை ஒரே மாதிரி அழகா இருந்தாத்தான் பிடிக்குது, விலையும் கூடக் கிடைக்குது, நமக்கென்ன போச்சுன்னு பதில். அந்தத் தேயிலையைச் சீனர்கள் குடிக்கவே இல்லை!

மருத்துவரா ஒரு நேர்மையான குறிப்பு: பிரஷ்யன் நீலம் குடல்ல அவ்வளவா உறிஞ்சப்படாது. தாலியம் நஞ்சுக்கு இன்னைக்கும் அதையேதான் மருந்தா கொடுக்குறோம். அதனால லண்டன்ல ஆட்கள் கொத்துக்கொத்தா செத்திருக்க மாட்டாங்க. ஆனா உள்ளூர்ப் போலிக்காரங்க சும்மா இல்லை. வேலியில இருந்த முள்செடி இலையைப் பச்சையாக்கத் தாமிரக் களிம்பு போட்டாங்க. ஓட்டல்ல குடிச்சுப் போட்ட சக்கையை விலைக்கு வாங்கி, காயவச்சு, கோந்து போட்டு, மறுபடி சாயமேத்தி வித்தாங்க.

இதையெல்லாம் நிரூபிச்சது ஒரு டாக்டர், அதுவும் எம்பிபிஎஸ் முதலாண்டு படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். தைமஸ் சுரப்பியோட ஸ்லைடை மைக்ராஸ்கோப்புல வச்சுக் கேட்பாங்க, "ஹசால் கார்ப்பசல்ஸ் எங்கே காட்டு". அந்த ஆர்தர் ஹில் ஹசால்தான். தேர்வுல நானும் அதைத் தேடிக் கண்ணு வலிச்சவன். அவர் சாப்பாட்டுக் கலப்படத்தைத் துரத்தினவர்னு எனக்குக் கல்லூரியில யாரும் சொல்லலை.

1851 முதல் 1854 வரை லான்செட் இதழுக்காக இவர் லண்டன் கடைகள்ல பொருள் வாங்கி, மைக்ராஸ்கோப்புல பார்த்து, முடிவை வெளியிட்டார். வித்த கடைக்காரர் பேர், முகவரியோட! காப்பித்தூள்ல பெரும்பாலும் சிக்கரி. டீயில, சாயம் அதிகம் சிக்கினது பச்சைத் தேயிலையிலதான். நாடாளுமன்றம் விசாரணைக் குழு போட்டது, 1860இல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. அது பல்லில்லாத சட்டம். 1875இல்தான் உருப்படியான சட்டம் வந்தது.

இங்கிலாந்துக்காரங்களுக்குப் பச்சைத் தேயிலை மேல நம்பிக்கை போச்சு. அந்த இடத்தை அசாமும் இலங்கையும் பிடிச்சது. எங்களுடையது கறுப்புத் தேயிலை, இயந்திரத்துல சுத்தமாத் தயாரானது, சீனாவோடது அழுக்குன்னு தோட்ட முதலாளிகள் விளம்பரம் பண்ணாங்க. 1880களின் முடிவுல பிரிட்டனுக்குப் போன இந்தியத் தேயிலை சீனத் தேயிலையை முந்திடுச்சு.

அந்தச் 'சுத்தமான' தேயிலையைப் பறிச்ச கை யாரோடது? இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கர்ல தேயிலை போட்டார். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிய ஆரம்பிச்சதும் மலையே தேயிலைக்கு மாறுச்சு. கங்காணி பின்னால திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து போன நம்ம ஜனங்கதான் அதைப் பறிச்சாங்க. நீலகிரியிலும் வால்பாறையிலும் அதே கதை. நல்ல இலை பெட்டியில கப்பலேறும். பறிச்சவங்க லயத்துல குடிச்சது பாலில்லாத சாயத்தண்ணி.

சலிக்கும்போது கடைசியா அடியில தங்குறதுக்குப் பேர் டஸ்ட். 1930களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் சிடிசி இயந்திரத்தைக் கொண்டுவந்தார். இலையைப் பல் வச்ச உருளைகளுக்கு நடுவுல விட்டு நசுக்கி, கிழிச்சு, சுருட்டும். குருணை குருணையா வரும். கொஞ்சம் போட்டாலே அடர்த்தியாக் கறுத்துடும், பால் ஊத்தினாலும் நிறம் நிக்கும். பிற்பாடு நம்ம ஊர் டீக்கடை முழுக்க இதுதான். டீ குடிக்கப் பழக்கின பிரசாரக்காரங்க, கொதிச்ச தண்ணியை இலை மேல ஊத்தி வடிகட்டுங்கன்னுதான் சொன்னாங்க. நாம கேட்கலை. பால், சீனி, இஞ்சி எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டோம். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நானும் அதைத்தான் குடிக்கிறேன்.

இப்போ அன்னபேதிக்கு வருவோம்.

அன்னபேதின்னா ஃபெரஸ் சல்பேட். அந்த அக்கா நாலு மாசமா முழுங்கின மாத்திரையில இருக்கிறதும் அதுவேதான்!

கடுக்காய்த் தண்ணியில அன்னபேதி போட்டு நம்ம முன்னோர் மை செஞ்சாங்க. கடுக்காயோட துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா கறுப்பு. லண்டன் போலிக்காரனோட வித்தையும் இதே ரசாயனம்தான். டீயோட துவர்ப்பும் அதே இனம். நம்பிக்கை இல்லைன்னா ஒரு இரும்புச்சத்து மாத்திரையைப் பொடி பண்ணி பாலில்லாத டிகாக்ஷன்ல போட்டுப் பாருங்க. மை மாதிரி கறுக்கும். (குடிச்சிடாதீங்க.) மாத்திரையை டீயோட முழுங்கினா இதே வேலை வயித்துக்குள்ள நடக்கும். அப்படிக் கட்டுண்ட இரும்பைக் குடல் சரியா உறிஞ்சாது, பெரும்பகுதி மலத்தோட போயிடும்.

1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 'கட்' என்ற மருத்துவ இதழில் இதை மனிதர்களிடம் சோதிச்சே வெளியிட்டாங்க. ரொட்டி, சோறு, இரும்பு உப்பு எதோட டீ குடிச்சாலும் இரும்பு உறிஞ்சப்படுறது குறைஞ்சது. மரக்கறி உணவையே பெரும்பாலும் சாப்பிடுறவங்களுக்கு இது பெரிய சிக்கல். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல ஆய்வு (2019–21) சொல்லுது. காரணம் டீ மட்டும் இல்லை. ஆனா டிபனோட டீ, மாத்திரையோட டீன்னு இருக்கிற வீட்டுல இதை முதல்ல சரி பண்ணலாம், காசு செலவில்லாம.

கிரீன் டீக்கு மாறினா தப்பிச்சுக்கலாமா? முடியாது. அதுலயும் இரும்பைக் கட்டுற பொருள் இருக்கு. கிரீன் டீ நல்ல பானம், அவ்வளவுதான். எடை குறைக்க அதோட சாறை மாத்திரையா முழுங்குறவங்க கல்லீரல் பாதிப்போட வர்றதுண்டு, அந்தப் பக்கம் போகாதீங்க. ஆவாரம்பூ, செம்பருத்தி 'டீ' எல்லாம் தேயிலையே கிடையாது, அது கஷாயம்.

எதை எப்படிப் போடுறது? பச்சைத் தேயிலையில கொதிக்கிற தண்ணியை ஊத்தினா கசக்கும். அடுப்பை அணைச்சு ஒரு அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு, 70–80 டிகிரிக்கு வந்ததும் ஒரு டீஸ்பூன் இலை மேல ஊத்தி, ரெண்டு மூணு நிமிஷத்துல வடிச்சுடுங்க. சுருண்ட முழு இலையா வர்ற நீலகிரி ஆர்தடாக்ஸ் கறுப்புத் தேயிலைக்குக் கொதிக்கிற தண்ணி, மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம், பால் வேண்டாம். மார்கழிக் குளிர்ல பறிச்ச நீலகிரித் தேயிலை கிடைச்சா விடாதீங்க, அந்த வாசனை தனி. டஸ்ட்னா தண்ணி கொதிச்சதும் போட்டு ரெண்டு நிமிஷம், பால் சேர்த்து ஒரு கொதி, இறக்கிடணும். காலையில போட்ட டிகாக்ஷனை மத்தியானம் வரைக்கும் அடுப்புலயே வச்சிருந்தா மிஞ்சுறது துவர்ப்பு மட்டும்தான்.

எந்த டீயா இருந்தாலும் சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேணும்.

அந்த அக்கா கைப்பிடித் தூளோட வந்தாங்க. ஃபில்டர் பேப்பர்ல பரப்பி, தண்ணி தெளிச்சேன். பச்சைத்தண்ணிதான். தெளிச்ச கையோட பேப்பர்ல செம்மஞ்சள் திட்டு. நல்ல தேயிலை பச்சைத்தண்ணியில உடனே இப்படிக் கறையை விடாது. தேயிலையில எந்த நிறமும் சேர்க்க நம்ம நாட்டுச் சட்டம் அனுமதிக்கலை. நீங்களும் வீட்டுல செஞ்சு பாருங்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற சோதனைதான் இது.

பேப்பரைப் பார்த்து அவங்க கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப நான் இத்தனை வருஷமா குடிச்சது துணிக்குப் போடுற சாயமா சார்?"ன்னு கேட்டாங்க. துணிக்குப் போடுறதா, மிட்டாய்க்குப் போடுறதான்னு இந்தப் பேப்பரை வச்சுச் சொல்ல முடியாதும்மா, தேயிலையோடது இல்லைன்னு மட்டும் சொல்லலாம்னேன்.

அவங்க ரத்தசோகைக்கு அந்தச் சாயம் காரணம் இல்லை. மாதவிடாய்ல ரத்தம் அதிகமாப் போறது ஒண்ணு, அதுக்குத் தனியா மருத்துவம் பார்த்தோம். டீயோட போன மாத்திரை இன்னொண்ணு. இப்போ மாத்திரை ராத்திரி படுக்கும்போது எலுமிச்சைத் தண்ணியோட. தூள், சின்ன பாக்கெட்.

போன வாரம் ஹீமோகுளோபின் 10.2. டீயை விடலை. பதினொரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. "சாயம் கம்மியாத்தான் இருக்கு சார், பழகிடுச்சு"ன்னாங்க.