கொடி ஏறினால் ஊர் எல்லை எது?

தமிழகக் கிராமங்களில் அம்மன் திருவிழா தேரோட்டத்திலோ தீமிதியிலோ தொடங்குவதில்லை. முதலில் அம்மனுக்குப் பூசை. பிறகு கொடியேற்றம், காப்புக் கட்டு. காப்புக் கட்டியபின் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு. ஊர் முழுவதையும் அம்மனின் காவலில் ஒப்படைப்பதே இந்த முதல் வழிபாட்டின் பொருள். அப்படியானால், கடல் தாண்டிப் போனவர்களுக்கு எல்லை எது?

1819-இல் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் சிங்கப்பூர் வந்தவர் நாராயண பிள்ளை. 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் கோயிலுக்கு நிலம் கிடைத்தது. 1827-இல் மரமும் அத்தாப்புக் கூரையுமாக எழுந்த கோயிலில் 'சின்ன அம்மன்' குடியேறினாள். நாகப்பட்டினம், கடலூர் வட்டாரங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு, நோயிலிருந்து காக்கும் மாரியம்மனே முதல் துணை.

அந்தக் கோயிலில் 1840 முதல் தீமிதி நடந்துவருகிறது. மூலவர் மாரியம்மன் என்றாலும், தீமிதிக்கு உரியவள் திரௌபதி. செஞ்சி வட்டாரத்தில் வேரூன்றிய இந்த வழிபாடு தொழிலாளர்களோடு கப்பலேறி வந்தது. ஆடியில் கொடி ஏறும். அதன்பின் ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் திருக்கல்யாணம், அரவான் களப்பலி எனப் பாரதக் கதை சடங்குகளாக நடக்கும். தீபாவளிக்கு முன்பாக, சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் நடந்து வந்து பக்தர்கள் தீக்குழியில் இறங்குவார்கள்.

இனி புக்கிட் பாஞ்சாங்கைப் பார்ப்போம். 2015 டிசம்பர் 27-இல் டௌன்டவுன் ரயில் பாதை அங்கு வந்தது. லிட்டில் இந்தியா வழியாகச் சைனாடவுன் வரை ரயில் மாறாமலே போகலாம். அங்கிருந்து கோயில் நடைதூரம். இந்த அடுக்குமாடிப் பேட்டையிலிருந்து தீமிதிக்கு நேர்ந்துகொள்பவரால் ஊர் எல்லைக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். பிறந்த ஊரில் காப்பு வரைந்த கோட்டை அவர் நாள்தோறும் பலமுறை தாண்டுகிறார்.

ஆனால் கோடு அழியவில்லை. நிலத்திலிருந்து உடம்புக்கு இடம் மாறிவிட்டது. புலால் தவிர்ப்பதும் புலனடக்கமும் இன்று ஊர் எல்லையின் வேலையைச் செய்கின்றன. காவலுக்கு ஊரார் இல்லை. அவரவர் மனமே காவல்.

தீக்குழியில் இறங்குவதைக் காணக் கூட்டம் திரளும். அந்தச் சில நொடிகளுக்கு உரிமை தருவது, யாரும் பார்க்காத அத்தனை நாள் விரதமே. அதற்குத் தொடக்கம், கொடிமரத்தடியில் அம்மன் முன் கைகூப்பிய முதல் நாள்.