நெல்லுக்காக வெட்டிய கால்வாய்கள்

இந்தோனேசியாவின் மத்திய காளிமந்தானில் செபங்காவ் ஆறு கடுங்காப்பி நிறத்தில் ஓடுகிறது. கரையோரச் சதுப்புக்காட்டில் ஊறிக் கிடக்கும் இலையும் வேரும் இறக்கிய சாறுதான் அந்த நிறம். காட்டுக்குள் காலை வைத்தால் முழங்கால்வரை இறங்கும். விழுந்த மரமும் சருகும் நீரில் மூழ்கி, காற்றுப் படாமல், மட்காமல், ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டராகச் சேர்ந்த அடுக்கு அது. அறிவியலார் அதைப் பீட் என்கிறார்கள். பல இடங்களில் அதன் ஆழம் பத்து மீட்டரைத் தாண்டும். செபங்காவின் அடியடுக்கு உருவாகி 20,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஈரப் பீட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் கரிமம். தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கரிமம் அங்கேயே கிடக்கும்.

ஆற்றோரத்துத் தயாக், பஞ்சார் மக்கள் இந்த நிலத்தின் குணமறிந்து உழுதவர்கள். ஆற்றிலிருந்து உள்ளே சிறிது தூரத்துக்கு மட்டும் கையால் வாய்க்கால் வெட்டுவார்கள். அதற்கு ஹண்டில் என்று பெயர். ஓதம் ஏறும்போது ஆற்று நீர் உள்ளே வரும், வடியும்போது மண்ணின் புளிப்பைக் கழுவிக்கொண்டு போகும். நெல் விளைந்தது பீட் ஆழமில்லாத அந்த விளிம்பில்தான். ஆழமான நடுக்காட்டில் அவர்களுக்குப் பிரம்பு கிடைத்தது, ஜெலுத்தோங் மரத்தின் பால் கிடைத்தது. பெஜே எனப்படும் குளங்களை வெட்டி வைத்தால், வெள்ளத்தோடு வந்த மீன் வெள்ளம் வடிந்த பிறகும் அதில் தங்கிவிடும். நடுக்காட்டை அவர்கள் உழவில்லை.

ஜகார்த்தாவிலிருந்து பார்த்தபோது அதே காடு வெறும் தரிசாகத் தெரிந்தது. 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டதாக உலகமே பாராட்டிய நாடு, பத்தாண்டுக்குள் மீண்டும் இறக்குமதி செய்தது. ஜாவாவின் வயல்களை ஆலைகளும் வீடுகளும் விழுங்கிக்கொண்டிருந்தன. 1995 டிசம்பரில் அதிபர் சுகார்த்தோ ஆணையிட்டார்: காளிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்க வேண்டும்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். கோளாறு அங்கேதான். பீட் நிலம் தட்டையானதல்ல. இரண்டு ஆறுகளுக்கு நடுவே அது மேடாக உப்பியிருக்கும். ஆற்று நீர் அந்த மேட்டில் ஏறுமா? மேட்டைக் குறுக்கே பிளந்து சென்ற பெருங்கால்வாய்கள் வயலுக்கு நீரைக் கொண்டுவரவில்லை, காட்டின் நீரை ஆற்றுக்கு வடித்துவிட்டன. ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் சுமார் 15,000 குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது கோடையில் காய்ந்து மழையில் மூழ்கும் புளித்த நிலம். சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குச் செய்த பெரிய அநியாயம் அது.

1997இல் எல் நினோ வந்தது, மழை பொய்த்தது. நிலத்தைச் சுத்தம் செய்ய வைத்த தீ காய்ந்த பீட்டுக்குள் இறங்கியது. பீட்டில் தீ கொழுந்துவிடுவதில்லை, கனன்றுகொண்டே பக்கவாட்டில் நகரும். மேலே சாம்பல் ஆறிக் கிடக்கும், அடியில் வேர்கள் வெந்துகொண்டிருக்கும்; நின்ற மரம் திடீரெனச் சாயும். புகை கடல் கடந்து சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் அவசரநிலை அறிவித்தார்கள்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் சூசன் பேஜும் அவருடைய குழுவினரும் 2002இல் நேச்சர் இதழில் கணக்கை வெளியிட்டார்கள். காளிமந்தானில் அவர்கள் ஆராய்ந்த 25 லட்சம் ஹெக்டேரில் 32 விழுக்காடு எரிந்திருந்தது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பீட். சராசரியாக அரை மீட்டர் அடுக்கு போயிருந்தது. அது திரும்பச் சேர 250 முதல் 500 ஆண்டு பிடிக்கும். அந்த ஆண்டு இந்தோனேசியப் பீட்டிலிருந்தும் காட்டிலிருந்தும் வெளியேறிய கரிமம் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். உலகம் முழுக்க ஓராண்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து வெளியிட்ட அளவில் அது 13 முதல் 40 விழுக்காடு.

தீயே இல்லாவிட்டாலும் இழப்பு நிற்பதில்லை. நீர்மட்டம் இறங்கினால் காற்று உள்ளே போகும், நுண்ணுயிர்கள் பீட்டைத் தின்று கரியமில வாயுவாக வெளிவிடும், தரை தாழும். சுமத்ராத் தீவின் பீட் நிலத் தோட்டங்களில் நீர் வடித்த முதல் ஐந்து ஆண்டுகளில் ஒரு மீட்டருக்கு மேலும், அதன்பின் ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டரும் தரை இறங்கியதை அளந்திருக்கிறார்கள். எண்ணெய்ப்பனைகளின் வேர் வெளியே தெரியும், மரங்கள் கோணலாகச் சாய்ந்து நிற்கும்.

சுகார்த்தோ 1998இல் பதவி விலகினார். நெல் திட்டம் 1999இல் கைவிடப்பட்டது. கால்வாய்கள் மட்டும் நீரை வடித்துக்கொண்டே இருந்தன. 2015இல் மீண்டும் பெருந்தீ. அடுத்த ஆண்டு பீட் மீட்புக்கென்றே அரசு ஒரு முகமை அமைத்தது. மரத்தாலும் மண் மூட்டைகளாலும் கால்வாய்களை அடைக்கும் வேலை வேகம் பிடித்தது. சுலபமான வேலையல்ல. அடைத்த அணையின் பக்கவாட்டுப் பீட்டை அரித்து நீர் வழி தேடிக்கொள்ளும். படகில் போகிறவர்களுக்கு அந்தக் கால்வாய்தான் பாதை என்பதால் அணையை வெட்டித் திறப்பவர்களும் உண்டு. அடைத்த இடங்களில் நீர்மட்டம் உயரத்தான் செய்கிறது. ஆனால் 2020இல் அரசு மீண்டும் ஓர் உணவு உற்பத்தித் திட்டத்தை அறிவித்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் பழைய நெல் திட்டத்தின் நிலமும் இருந்தது.