பிஸ்கட் தகரத்துக்குள் ஒரு நடுக்கம்

இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டுப் பழகிய தமிழகத்து நேயர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பாடல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென ஒலி தேய்ந்து, எங்கோ தொலைவுக்குப் போய், மறுபடியும் அலைபோல் திரண்டு வரும். சுருதி மாறாது, ஒலியின் அளவு மட்டும் ஏறி இறங்கும். அயனமண்டலத்தில் பட்டுப் பல பாதைகளால் வந்துசேரும் அலைகள், ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் செய்யும் வேலை அது. அதே ஏற்ற இறக்கத்தைக் கிற்றாரின் ஒலியில் விநாடிக்கு நாலைந்து தடவை வேண்டுமென்றே உண்டாக்கும் கருவிக்கு ட்ரெமலோ என்று பெயர். அந்தச் சிற்றலைகளைக் காற்றில் ஏவிய ஏக்கல ஒலிபரப்பு நிலையம், வத்தளையிலிருந்து நீர்கொழும்பு வீதியால் வடக்கே போனால் ஜா-எலவுக்கு அருகில் இருந்தது. வத்தளையில் ஒருவர் அந்த நடுக்கத்தைப் பிஸ்கட் தகரத்துக்குள் அடைக்க முயன்றதைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வீணையில் தந்தியை இழுத்து அசைக்கும்போது சுருதி அசைகிறது. அதை மேல்நாட்டார் வைப்ராட்டோ என்பர். ஒலியளவு அசைவதே ட்ரெமலோ. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரில் சுருதியை அசைக்கும் கைப்பிடிக்கு ட்ரெமலோ என்று பெயரிட்டது. பின்னர் தன் ஒலிபெருக்கிகளில் ஒலியளவை அசைக்கும் பகுதிக்கு வைப்ராட்டோ என்று எழுதி வைத்தது. அந்தத் தலைகீழ்ப் பெயர்கள் அப்படியே நிலைத்துவிட்டன.

கருவி அதற்கும் மூத்தது. 1940களில் டிஆர்மண்ட் என்ற பெயரில் வந்த பெட்டிக்குள் மின்கடத்தும் திரவம் கொண்ட சிறு குப்பியை ஒரு மோட்டார் ஆட்டிக்கொண்டிருக்கும். திரவம் முனையைத் தொடும்போதெல்லாம் ஒலியின் ஒரு பங்கு நிலத்துக்கு வடிந்துபோகும். போ டிட்லியின் 1955ஆம் ஆண்டுப் பதிவுகளில் கேட்கும் துடிப்பு இத்தகைய பெட்டியினுடையதே. 1960களில் ஃபெண்டர் ஒலிபெருக்கிகளில் திரவம் இல்லை. ஒரு நியோன் விளக்கு மினுங்கும், அதன் எதிரே இருக்கும் ஒளியுணர் தடையி அந்த மினுக்கத்துக்கேற்ப ஒலியை ஏற்றி இறக்கும்.

யப்பானில் ஃபுமியோ மியெதா என்ற பொறியியலாளர் 1960களில் யுனி-வைப் என்ற கருவியை வடிவமைத்தார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1969இல் வூட்ஸ்டொக் மேடையில் பயன்படுத்தியது அதைத்தான். கண்டிப்பாகச் சொன்னால் அது ட்ரெமலோ அல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரம். ஆனால் மொஸ்கோ வானொலி சிற்றலையில் தேய்ந்தும் திரண்டும் வந்ததைக் கேட்டே அந்த எண்ணம் தமக்குப் பிறந்ததாக மியெதா பிற்காலத்தில் கூறினார். சிற்றலை கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பாக இராது.

இனி இலங்கைக்கு வருவோம். கத்தோலிக்கக் கோயில்கள் நிறைந்த கொட்டாஞ்சேனை முதல் நீர்கொழும்பு வரையான கரைக்கு மேலைத்தேய வாத்தியம் புதிதல்ல. பழைய மிதி ஆர்கன்களில் வாக்ஸ் ஹியூமானா என்ற குமிழை இழுத்தால் உள்ளே ஒரு சிறு விசிறி சுழன்று ஒலியை நடுங்கச் செய்யும். நம் ஆர்மோனியங்களிலும் ட்ரெமலோ என்ற குமிழ் உண்டு. 1960களில் மின்கிற்றார் வந்தது. மினோன் பெர்னாண்டோவின் ஜெட்லைனர்ஸ் கொழும்பு மேடைகளை ஆண்டது. கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவுடன் மின்கிற்றாரைச் சிங்களப் பாடலுக்குள் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் பொப்பிசையைப் பரப்பினர். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கிற்றார்க் குழு இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

ஆனால் கருவிகள் எங்கிருந்து வரும்? 1960களின் தொடக்கத்திலிருந்தே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில் இறக்குமதி மேலும் இறுகியது. பருப்பும் துணியுமே அரிதாகிய நாட்டில் கிற்றார் மிதிப்பெட்டிக்கு யார் அனுமதிப்பத்திரம் கொடுப்பார்? ஆகவே இசைக்காரர் வானொலி திருத்துவோரிடம் போனார்கள்.

வத்தளையில் நான் அறிந்த ஒருவரை எல்லோரும் ரேடியோ மாஸ்டர் என்றே அழைப்பர். குடும்பத்தார் விரும்பாததால் பெயர் எழுதவில்லை. பிரித்தானியாவின் ‘பிராக்டிகல் வயர்லெஸ்’ சஞ்சிகையின் பழைய பிரதிகள் அவருக்கு வேதம். 1974 அளவில் கொட்டாஞ்சேனைக் குழுவொன்றின் கிற்றார்க்காரருக்காக அவர் ஒரு ட்ரெமலோ செய்தார்.

சுற்று எளிது. ஒரு திரான்சிஸ்டரைச் சுற்றி மூன்று கண்டென்சரும் மூன்று தடையும் இட்டால் அது மெதுவாக ஊசலாடத் தொடங்கும். இன்னொரு திரான்சிஸ்டர் அந்த ஊசலை ஒரு விளக்குக்குக் கொடுக்கும். விளக்கு ஒளிரும்போது எதிரே உள்ள ஒளியுணர் தடையியின் தடை குறைந்து ஒலி நிலத்துக்கு வடியும். மங்கும்போது ஒலி மீளும். நியோனுக்குத் தொண்ணூறு வோல்ற் அளவில் வேண்டும். பற்றரியில் அது நடவாது. எனவே வானொலி முகப்பில் எரியும் 6.3 வோல்ற் குமிழை வைத்தார். அது மின்சாரத்தைக் குடித்தது. சிறிய ஒன்பது வோல்ற் பற்றரி தாங்காமல் பெரிய ரோச் பற்றரி ஆறைத் தொடராக இணைத்தார். குமிழையும் தடையியையும் சுற்ற வெளிச்சம் புகாத கறுப்புத்தாள் வேண்டுமென்றார். பத்திரிகை அலுவலக இருட்டறையில் புகைப்படத்தாள் சுற்றிவரும் கறுப்புத்தாளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இக்கைங்கரியத்தில் என் பங்கு அவ்வளவே.

பெட்டி பிஸ்கட் தகரம். உலோகமானதால் வெளியிரைச்சலைத் தடுக்கும். காலால் மிதித்தால் நசுங்கும் என்பதால் அடியிலும் மேலும் பலகை. மிதிக்கும் ஆளிக்கு அவர் கண்ட வழியை இன்றும் மெச்சுகிறேன். மொறிஸ் மைனர் காரில் முன்விளக்கை உயர்த்தித் தாழ்த்த இடக்காலால் அழுத்தும் ஆளி ஒன்று தரையில் இருக்கும். ஒரு மிதிக்கு ஒரு பக்கம், மறு மிதிக்கு மறு பக்கம். ட்ரெமலோ வேண்டும், வேண்டாம் என்று மாற்றுவதற்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

பெட்டி முடிந்ததும் முறைப்பாடுகள் தொடங்கின. மிதித்தவுடன் கிற்றாரின் ஒலி குறைந்தது. ஒலியை வெட்டி வெட்டி விடுவதால் சராசரி குறையத்தான் செய்யும். இன்றைய தொழிற்சாலைப் பெட்டிகளிலும் பலர் சொல்லும் குறை இதுவே. மாஸ்டர் இன்னொரு திரான்சிஸ்டரைச் சேர்த்து இழந்ததை ஈடுசெய்தார். அடுத்து வேகம். மெல்லிய பாட்டில் சொக்கவைத்த நடுக்கம், பைலாவின் வேகத்துக்கு ஏற்றியதும் காணாமற்போனது. குமிழின் இழை சூடாகவும் ஆறவும் நேரம் எடுக்கும். வேகம் கூடினால் முற்றாக மங்குமுன்னே மறுபடி ஒளிர்ந்துவிடும். கண்டென்சர்களை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. கடைசியில் குமிழை முற்றாக அணையவிடாமல் ஒரு தடை வழியே எப்போதும் மெல்லிய சூட்டில் வைத்திருந்தார். ஓரளவு சரிவந்தது. சில ஆண்டுகளின் பின் சிவப்பு எல்.ஈ.டி. கைக்கு வந்தபோது குமிழைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினார். இப்போது எந்த வேகத்துக்கும் ஈடுகொடுத்தது, பற்றரியும் நீடித்தது. ஆனால் ஒலி கத்தரியால் நறுக்கியதுபோல் இருந்தது. கிற்றார்க்காரர் இரண்டு கச்சேரி வாசித்துவிட்டு, பழைய குமிழையே போட்டுத் தரும்படி திரும்பி வந்தார். பொறியியலில் குறையென்றது இசையில் குணமாகிவிட்ட இடம் இது. இழையின் சோம்பலே அந்த ஒலியின் மென்மை.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஆட்சி இறக்குமதியைத் திறந்துவிட்டது. யப்பானின் பொஸ் நிறுவனம் தன் சிறிய மிதிப்பெட்டிகளை வெளியிடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1979 ஏப்ரலில் தொலைக்காட்சி வந்தது. வானொலி திருத்தியோர் அந்தப் பக்கம் போயினர். பிறகு 1983 ஜூலை. கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது மாஸ்டரின் கடையும் போயிற்று. சஞ்சிகைகள், கையால் வரைந்த சுற்றுப்படங்கள், எந்தப் பாட்டுக்கு எந்தக் கண்டென்சர் என்று குறித்துவைத்த கொப்பி எல்லாம் அதற்குள். அவர் இந்தியாவுக்குப் போய், பின் கனடாவுக்குப் போனார். ஈயப்பற்றுக் கோலை அதன்பின் தொடவில்லை என்று மகள் சொன்னார். இசைத்தட்டு உறைகளில் பாடகர் பெயர் உண்டு, சிலவற்றில் வாத்தியக்காரர் பெயரும் உண்டு. இவர்களைப் போன்றோருக்கு அங்கே இடம் இருந்ததில்லை. கையெழுத்துக் கொப்பி ஒன்றே அவர்களின் வரலாறு. அதுவே எரிந்தது.

செய்து பார்க்க விரும்பும் இளைஞர் இருந்தால் ஒரு தகவல். 1960களில் ‘எலெக்ரோனிக்ஸ் அவுஸ்திரேலியா’ சஞ்சிகையில் வந்த ட்ரெமலோ சுற்று இணையத்தில் கிடைக்கிறது. அதில் விளக்கே இல்லை, திரான்சிஸ்டர்களே வேலையைச் செய்கின்றன. விளக்கு வைத்துத்தான் செய்வேன் என்போர் ஐரோப்பாவில் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். ஒளியுணர் தடையியில் கட்மியம் உண்டு. மின்கருவிகளில் அதை 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியுள்ளது. கொழும்பில் இருப்போர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பார்க்கலாம். குமிழையும் தடையியையும் கறுப்புத்தாளில் சுற்ற மறக்க வேண்டாம்.