நாக்கு நுனியில் நிற்கும் பெயர்

தில்லை நகரில் ஏதோ ஒரு கிராஸ். வாக்கிங் போகும் தாத்தாவுக்கு எதிரே வருபவரின் முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. "அதாம்ப்பா, அவரு..." என்று இழுக்கிறார். தலைக்கு மின்சாரம் கொடுத்தால் அந்தப் பெயர் வந்துவிடுமா?

இந்த யோசனை ரொம்பப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொன்னார்.

அப்போது எந்த இடத்தில் கொடுப்பது என்று தெரியாது. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா, பேச்சிழந்து இறந்துபோன ஒருவரின் மூளையைப் பார்த்தார். இடது முன்பகுதி சிதைந்திருந்தது.

2000-ல் ஜெர்மனியின் நிட்ஷே, பவுலஸ் இருவரும், மண்டையோட்டைத் திறக்காமல், தலைமேல் வைத்த ஈரப் பஞ்சு வழியே மிக மெல்லிய மின்சாரம் செலுத்தி மூளையின் சுறுசுறுப்பை மாற்றிக் காட்டினார்கள்.

2013-ல் பெர்லினில் மைன்சர் குழுவினர் 20 முதியவர்களுக்கு அதே இடது முன்பகுதியில் மின்சாரம் கொடுத்துச் சொற்களைச் சொல்லச் சொன்னார்கள். இளைஞர்களுக்கு இணையாகச் சொன்னார்கள்! ஆனால் அந்தப் பலன் தற்காலிகமானது.

இந்தியாவிலும் இந்த முறை வந்துவிட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2010களில், மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கேட்கும் மாயக்குரல்களைக் குறைக்க இதைப் பயன்படுத்தி ஆராய்ந்தார்கள்.

ஆக, தாத்தாவுக்கு மின்சாரம் தருவது இப்போதைக்குக் கடன்தான், சொத்து அல்ல. இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி வீட்டிலேயே மாட்டிப் பார்ப்பது ஆபத்து. அவர் பெயரைத் தேடும்போது அவசரப்படுத்தாமல் ஒரு நிமிடம் நிற்கலாம். அதற்குச் செலவே இல்லை.