அணைக்காமல் கழற்றும் வட்டு

அரசலாற்றுக்குத் தெற்கே, காரைக்கால் நகரை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் எங்கள் நெரவியில், பிரெஞ்சு ஆட்சி வகுத்த கொம்யூன் என்னும் ஏற்பாடு இன்றும் கொம்யூன் பஞ்சாயத்தாக நின்று நிலவுவதைப்போலவே, தஸ்தாவேஜுகளைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் வழக்கமும் நிலைத்திருக்கிறது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் இப்பிரதேசம் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை ஏற்ற குடும்பங்களுக்கும், பென்ஷன் வாங்கும் சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) வீடுகளுக்கும், ஒரு ஜனனப் பதிவோ விவாகப் பதிவோ எத்துணை இன்றியமையாதது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காகிதங்களின் பிரதிகள் கல்யாண வீடியோக்களோடு கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் குடியேறிவிட்ட இக்காலத்தில், அந்த வட்டை யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி வேறொன்றை மாட்டும் வித்தை எப்படிப் பிறந்தது என்பதை அறிந்துகொள்வது நமக்கு மிகவும் அவசியம்.

1956-இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் வட்டுச் சாதனம், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தகடுகளைச் சுமந்துகொண்டு ஐம்பது லட்சம் எழுத்துகளை மட்டுமே கொண்டதாக, அசைக்க முடியாத பெரும் பெட்டியாக இருந்தது. காரைக்கால் இணைந்த அதே 1962-இல், அக்கம்பெனி ஆறு தகடுகள் அடங்கிய, ஒருவர் கையால் தூக்கிச் செல்லக்கூடிய வட்டுக் கட்டு ஒன்றைக் கொணர்ந்தது. சுழற்சியை நிறுத்தி, கட்டை வெளியே எடுத்து, வேறு கட்டைப் பொருத்தலாம் என்னும் எண்ணம் அங்கேதான் உருப்பெற்றது.

வீட்டுக் கணினிகளுக்கு அந்த வசதி நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1986 முதல் பரவிய ஐ.டி.ஈ. என்னும் முறையில், நாற்பது முனைகள் கொண்ட பட்டைக் கேபிள் ஒன்றில் இரண்டு வட்டுகள் மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் வைத்து வரிசைப்படுத்தப்பட்டன. அம்முனைகள் யாவும் ஒரே நீளமுடையவை; ஆகையால் மின்சாரம் ஓடும்போது கேபிளைச் செருகினால் எந்த முனை முதலில் தொடும், எது பின்னர் தொடும் என்பது கையின் சாய்வைப் பொறுத்ததாயிற்று. எர்த் முனை தொடுமுன்னரே தகவல் முனைகள் தொட்டுவிட்டால், வட்டின் அடிப்பலகையிலுள்ள சில்லோ, மதர்போர்டோ பழுதாகக்கூடும். தவிர, பயாஸ் என்னும் அடிப்படை நிரல் கணினியைத் துவக்கும்போது மட்டுமே வட்டுகளைத் தேடிப் பட்டியலிட்டமையால், புதிதாக வந்ததை அது அறியவும் வழியில்லை. சாவி திருகிக் கழற்றும் மொபைல் ரேக் பெட்டிகள் கடைகளில் விற்றன; அவற்றின் சாவி வட்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தியதேயன்றி, வட்டு போய்விட்டதென்ற செய்தியைக் கணினிக்குச் சொல்லவில்லை.

பெரிய சர்வர்களின் கதை வேறு. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் பல மலிவான வட்டுகளைக் கூட்டி ஒரே வட்டாகப் பயன்படுத்தும் ரெய்டு முறையை விளக்கியபின், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் அதை மாற்றியாக வேண்டும் என்ற தேவை வலுத்தது; ஓட்டத்திலேயே வட்டை மாற்றும் வசதியும் சர்வர்களில் அமைந்தது.

வட்டைக் கணினியோடு இணைப்பதற்கென 2003-இல் வெளிவந்த சாட்டா விதிமுறை அந்த வசதியைச் சாமானியரின் மேஜைக்கும் கொண்டுவந்தது. சாட்டா வட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: பொன்முலாம் பூசிய நாக்குகளில் சில விளிம்பை நெருங்கி நீண்டிருக்கும், சில சற்றே உள்ளடங்கி நிற்கும். தகவலுக்கான ஏழு நாக்குகளில் எர்த்துக்குரிய மூன்றும் நீளமானவை. மின்சாரத்துக்கான பதினைந்தில், நான்காவதும் பன்னிரண்டாவதுமான எர்த் இணைப்புகள் முதலில் கூடுகின்றன. அடுத்துச் சிறிதளவே மின்சாரத்தை விட்டு மின்தேக்கிகளை மெல்ல நிரப்பும் முனைகள். அதற்குப் பின்னரே முழு மின்சாரம். வறண்ட வாய்க்காலுக்கு மதகைப் படிப்படியாகத் திறந்து, கரை உடையாமல் நீர் விடும் நம் டெல்டாக்காரனின் பக்குவம் இதுவே. முனையொன்றின் நீளத்தை மில்லிமீட்டர் அளவில் மாற்றி, மனிதன் கையின் அவசரத்தை அடக்கிய இந்த யுக்தியை, கணினி யுகத்தின் உன்னதமான சிந்தனைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

எனினும் சாட்டா முனை இருப்பதனாலேயே ஒரு பழைய கணினி இதற்குத் தகுதி பெற்றுவிடாது. 2003-ஆம் ஆண்டின் இன்டெல் சில்லுகள் சாட்டா வட்டைப் பழைய ஐ.டி.ஈ. போலவே நடத்தின; மாட்டியதையும் கழற்றியதையும் உணரும் ஏ.எச்.சி.ஐ. முறை 2004-இல்தான் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் அதற்கான டிரைவர் கிடையாது; நிறுவும்போதே எஃப்6 விசையை அழுத்தி பிளாப்பியிலிருந்து ஏற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல் பின்னாளில் பயாஸில் முறையை மாற்றியவர்களை நீலத் திரை வரவேற்றது.

ஆதலின் பழைய கணினி வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: பட்டைக் கேபிள் பூண்ட யந்திரமாயின், அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே வட்டைத் தொடுங்கள். சாட்டாவாயின், பயாஸில் ஏ.எச்.சி.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் குடியிருக்கும் வட்டை ஒருபோதும் ஓட்டத்தில் கழற்றாதீர்கள். மற்ற வட்டையும், எழுதாமல் நினைவகத்தில் தங்கிய தகவல் முழுதும் இறங்கும்படி முறையாக விடுவித்து, தகடுகள் சுழன்று ஓய அரை நிமிஷம் பொறுத்து எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பாட்டனாரின் பதிவுகளை இன்னொரு வட்டிலும் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.